நிழல் விடுபட்ட பனை

பதினாறு நிறம். அதற்கு மேல் தொடுவதில்லை என்பது
எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.
அதில் நான்கைத் தேரிக்காடே தின்றுவிட்டது:
செம்மண், செம்மண்ணில் வெயில்,
செம்மண்ணில் நிழல், காற்று தூக்கிப்போகும் செம்மண்.
மிச்சம் பன்னிரண்டுக்குள்
ஆறு, அருவி, பனை, வானம், ஒரு யாளி,
அரிவாளோடு ஒரு பெண்.
அவளுக்கு மூன்று உயிர்.

வண்ணார்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே என் அறை.
லாரி போனால் மானிட்டரில் பொதிகை ஆடும்.
இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து
ஒரு நாட்டைக் கட்டம் கட்டமாக அடுக்கினேன்.
மேற்கே போனால் யாளி.
யாளியை வென்றால் அணை திறக்கும்,
ஆறு வரும், ஆட்டம் முடியும்.
பாதை நெடுக வெள்ளைக் கல் நட்டிருந்தேன்.
கண்ணுள்ள யாரும் வழிதவற முடியாது.

முப்பிடாதி தவறினாள்.
முதல் நிமிடத்திலேயே.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள்.
பாளையங்கோட்டையில் பாதி வீடுகளின்
படிக்கட்டுக்கு அடியிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும்
என்ன கிடக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.
ஞாயிறு மதியம் வந்து
கையைச் சேலையில் துடைத்து, கன்ட்ரோலரை வாங்கி,
வெள்ளைக் கல்லைப் பார்த்தாள்.
"இது எல்லாரும் போற வழில்லா" என்று
எதிர்த்திசையில் நடந்தாள்.

சுவரைக் கண்டால் அரிவாளால் ஒரு தட்டு.
கிணற்றைக் கண்டால் ஒரு குதி. போயிற்று ஓர் உயிர்.
"ஆழம் பாத்தேன்."
யாளி அந்தப் பக்கம் யாருமில்லாத திடலில்
நெருப்பைக் கக்கிக்கொண்டே கிடந்தது.
ஆறு வாரம் உழைத்த நெருப்பு.

தேரியில் பனைகளை எண்ணிக்கொண்டே போனவள்
எட்டாவதில் நின்றாள்.
"ஏளா ஜெசிந்தா, இதுக்கு மட்டும் நிழல் இல்ல."

மறதி. வேறொன்றுமில்லை.
கரண்ட் போகப்போகிற அவசரத்தில் ஒரு ராத்திரி
எட்டுப் புள்ளி விட்டுப்போயிருக்கும்.
சொல்ல வாயெடுத்தேன், அதற்குள்
அவள் தோண்டத் தொடங்கிவிட்டாள்.
நாற்பது நிமிடம்.
அரிவாள் மணலில் இறங்கும் சத்தம்,
என்றைக்கோ ஒருமுறை கேட்டால் போதுமென்று
அரை விநாடிக்கு மட்டும் செய்த சத்தம்,
திரும்பத் திரும்ப.
"கீழ என்னமோ கெடக்கு.
இல்லன்னா நிழல எதுக்கு எடுக்க?"

கீழே ஒன்றுமில்லை.
கீழ் என்பதே இல்லை.
மணலுக்கு நான் தோல் மட்டும்தான் வரைந்திருந்தேன்.

அன்றிரவு நான் தோண்டினேன்.
ஓர் அறை வந்தது. அதில் எதை வைக்க?
பொற்காசு வைத்தேன், எடுத்தேன்.
நாலாவது உயிர் ஒன்று வைத்தேன்,
அதையும் கொண்டுபோய்க் கிணற்றில்தான் போடுவாள்.
கடைசி பஸ் போய் வெகுநேரம் கழித்து
அவள் எப்போதோ சொன்ன ஒரு வீடு ஞாபகம் வந்தது.
சிவந்திபட்டி ரோட்டில், பூட்டிய வீடு.
பூட்டில் துரு. படியில் ஆவாரஞ்செடி.
ஆனால் இரண்டு மாதத்துக்கொருமுறை போனால்
ரீடிங் ஏறியிருக்கும். ஒன்பது யூனிட். பதினொன்று.
யாரோ பணம் கட்டவும் கட்டுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு.
எட்டாவது பனை, மூன்றே வெட்டு,
மணல் வாய் திறந்தது.
இருட்டு. நடுச்சுவரில் பழைய மாதிரி மீட்டர் ஒன்று.
பன்னிரண்டு புள்ளியில் வரைந்த சக்கரம்
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை.
கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்,
பையைத் துழாவிப் பேனா எடுத்து
உள்ளங்கையில் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.
வெளியே லாரி போனது. மலை ஆடியது.

"உள்ள யாரு?"

"தெரியல." நிஜமாகவே தெரியாது.

"அப்ப கதவ வரை. அடுத்த ரீடிங்குக்கு வாரேன்."

கதவுக்கு நிறம் மிச்சமில்லை.
யாளியின் நெருப்பிலிருந்து
ஒன்றை உருவினேன்.